அணு உலைக் கலன் உருக்கின் கதிர்வீச்சு நொறுங்குமை

அணு உலையின் மையத்தைச் சூழ்ந்திருக்கும் அமுக்கக் கலன் தடித்த உருக்கால் ஆனது. மையத்திலிருந்து பாயும் வேக நியூத்திரன்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கத் தாக்க, அந்த உருக்கு நெளியும் இயல்பை இழந்து, பிளக்கும் இயல்பை நோக்கி நகர்கிறது. இதுவே கதிர்வீச்சு நொறுங்குமை. பம்பிகளையும் குழாய்களையும் நீராவியாக்கிகளையும் பழுதானால் மாற்றலாம். கலனை மாற்றும் வழக்கம் இல்லை. கலனின் ஆயுள் முடிந்தால் உலையின் ஆயுளும் முடிந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றரில் இரண்டு அணுமின் நிலையங்கள் உள்ளன: வடக்கே கல்பாக்கம், தென்மேற்கே கூடங்குளம். கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீர் வகையைச் சேர்ந்தவை. அங்கே எரிபொருள் இருப்பது ஒரே கலனில் அல்ல, நூற்றுக்கணக்கான சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களில். அக்குழாய்களுக்கும் முதுமை உண்டு. ஆனால் கழற்றி மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். கூடங்குளம் வேறு. அங்குள்ள ரஷ்ய விவிஇஆர்-1000 வகை உலைகளில் முதலாவது 2013 யூலை 13இலும், இரண்டாவது 2016 யூலை 10இலும் தொடர்தாக்க நிலையை எட்டின. இவ்வகைக் கலன் ஏறத்தாழ 11 மீற்றர் உயரமும் 300 தொன்னுக்கு மேல் எடையும் கொண்டது. சுவரின் தடிப்பு 20 சென்ரிமீற்றர் அளவு. உள்ளே 300 பாகையை அண்டிய நீர், வளிமண்டல அமுக்கத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் ஓடுகிறது.

இத்தகைய உருக்கு வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு முகம் காட்டும். வெயிலில் வளையும் மெழுகுதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சட்டென்று முறிகிறது அல்லவா? அதுபோலச் சூடான உருக்கு நெளிந்து கிழியும், குளிர்ந்த உருக்கு வெடித்துப் பிளக்கும். 1943 சனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் கட்டிக்கிடந்த ஸ்கெனெக்டடி என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், நின்ற நிலையிலேயே நடுவில் பிளந்தது இதற்குப் பேர்போன சான்று. ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மாறும் இடம் மாறுநிலை வெப்பநிலை எனப்படும். நியூத்திரன்கள் செய்வது அந்த வெப்பநிலையை மேலே தள்ளுவதுதான். கலனின் பாகங்களைப் பற்றவைத்து இணைத்த ஒட்டுகளில், செம்பு மிகுந்த பழையவற்றில், அது 100 பாகைக்கு மேலும் ஏறியதுண்டு.

இதை அளக்கும் முறை 1901இல் ஜோர்ஜ் ஷார்பி முன்வைத்த சோதனையின் வழிவந்தது. 55 மில்லிமீற்றர் நீளமும் 10 மில்லிமீற்றர் சதுர முகமும் கொண்ட துண்டின் நடுவில் 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டு இட்டு, ஊசற் சுத்தியலால் ஒரே அடி. முறிக்கச் செலவான சக்தி யூலில் கணக்காகிறது. 41 யூல் கிடைக்கும் வெப்பநிலையை அடையாளமாகக் கொள்வது அமெரிக்க வழக்கம். பழகிய கண்ணுக்கு முறிந்த முகமே போதும். நெளிந்து முறிந்த துண்டு மங்கிய சாம்பல் நிறத்தில், நார்நாராய், பக்கம் பிதுங்கியிருக்கும். நொறுங்கிய துண்டோ ஆனையிறவு உப்புக்கல்லைப்போல மினுங்கும்.

உள்ளே நடப்பது இது. வேக நியூத்திரன் ஓர் இரும்பணுவை இடம்பெயர்க்க, அது அயலணுக்களை இடித்துத் தள்ளுகிறது. பெரும்பாலானவை கணத்தில் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். மிஞ்சும் வெற்றிடங்களின் உதவியோடு, உருக்கில் கரைந்து கிடந்த செம்பணுக்கள் நகர்ந்து ஓரிரு நனோமீற்றர் அளவிலான திரள்களாகச் சேர்கின்றன. உலோகம் நெளிவதற்கு அதன் படிகக் குறைகள் வழுக்கியோட வேண்டும்; திரள்கள் அவற்றை மறிக்கின்றன. இதனால் உருக்கின் பலம் குறைவதில்லை, கூடுகிறது. ஆபத்தே அந்தக் கூடிய விறைப்புத்தான். பொசுபரசும் தன் பங்குக்கு மணியெல்லைகளில் ஒதுங்கிப் பிணைப்பைத் தளர்த்துகிறது.

செம்பு வந்த வழி சுவையானது. ஒட்டுக்கம்பி துருப்பிடிக்காமலும் மின்னோட்டம் சீராகப் பாயவும் அதன்மேல் மெல்லிய செம்புப் பூச்சு இடுவார்கள். அது கம்பியோடு உருகிக் கலனின் ஒட்டுக்குள் போனது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தின் சோதனைகள் இதை வெளிக்கொணர்ந்தன. அதன்பின் செம்பின் அளவு கட்டுப்படுத்தப்பட்டது. ஏற்கெனவே கட்டி முடித்த கலன்களுக்கு அது காலங்கடந்த அறிவு.

நொறுங்கிய உருக்கு, சூடாக இயங்கும்வரை தொல்லை தராது. அஞ்சவேண்டியது, அமுக்கம் குறையாமலே கலன் திடீரெனக் குளிர்வதை. 1978 மார்ச் 20இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ செக்கோ நிலையத்தில் கட்டுப்பாட்டுப் பலகையில் மின்குமிழ் மாற்றுகையில் அது கைதவறி உள்ளே விழுந்தது. அளவுக்கருவிகளுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட, ஒரு மணித்தியாலம் போன்ற நேரத்தில் நீர் 150 பாகையளவு குளிர்ந்தது. உலை அப்போது இளையது, கலன் தாங்கியது. அமெரிக்க ஒழுங்குமுறையாளர் 1985இல் மாறுநிலை வெப்பநிலைக்கு வரம்புகள் விதித்தனர்: தகடுகளுக்கும் நெடுக்கு ஒட்டுகளுக்கும் 132 பாகை, சுற்று ஒட்டுகளுக்கு 149 பாகை. ஒட்டுகளில் எவ்வளவு செம்பு என்பதே தெளிவில்லாத யாங்கி ரோவ் நிலையம், கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாமல் 1992இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

மருந்து உண்டு: கலனை வெறுமையாக்கிச் சூடேற்றி ஆறவிடல். சோவியத் நாட்டின் நோவோவொரோனெஷ் மூன்றாம் உலையில் 1987இலும், பின்லாந்தின் லோவீசாவில் 1996இலும் இது செய்யப்பட்டது. லோவீசாவில் ஒட்டுப் பகுதியை 475 பாகையில் 100 மணித்தியாலங்கள் வைத்திருந்தார்கள். இழந்த இயல்பில் பெரும்பங்கு மீண்டது.

விவிஇஆர்-1000 கலன் வளையங்களாக அடித்துருவாக்கப்படுவதால் அதில் நெடுக்கு ஒட்டே கிடையாது. சுற்று ஒட்டுகள் மட்டுமே. செம்பும் குறைவு. அதன் சிக்கல் நிக்கல். பலத்துக்காகச் சேர்த்த அந்த நிக்கல், சில பழைய உலைகளின் ஒட்டுகளில் 1.5 வீதத்தைத் தாண்ட, மங்கனீசோடும் சிலிக்கனோடும் சேர்ந்து தானே திரள்களை உண்டாக்கியது. ரஷ்யாவின் பலகோவோ முதலாம் உலையின் கலனை 2018இல் சூடேற்றவேண்டி வந்தது இதனால்தான். கலனின் அதே உருக்கில் செய்த மாதிரித் துண்டுகளை உள்ளே வைத்து, பின்னர் எடுத்துச் சோதிக்கும் கண்காணிப்பிலும் ஒரு பிசகு: அவ்வகையின் பழைய வடிவமைப்பில் அத்துண்டுகளை மையத்துக்கு மேலே வைத்தார்கள். அங்கே வெப்பம் கூட, நியூத்திரன் குறைவு. சுவர் படும் பாட்டை அத்துண்டுகள் சரியாகச் சொல்லவில்லை. துண்டுகள் சுவரைவிட மையத்துக்குச் சற்றுக் கிட்ட இருக்கவேண்டும். அப்போதுதான் சுவர் பல ஆண்டுகளுக்குப் பின் காணப்போவதை அவை முந்திக் காட்டும்.

இந்தியாவில் இவ்வகைக் கண்காணிப்பின் மூத்த களம் 1969இல் இயங்கத் தொடங்கிய தாராப்பூர்க் கொதிநீர் உலைகள். அவற்றின் துண்டுகள் துரொம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கப்பட்டன. இலங்கை 2015 பெப்ரவரியில் இந்தியாவுடன் குடிசார் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கைச்சாத்திட்டது. கரையோரத்தில் இலங்கை அணுசக்திச் சபை நிறுவிய முன்னெச்சரிக்கைக் கருவிகள் சூழலின் கதிர்வீச்சை அளப்பவை. கலனின் உருக்கைப் பற்றி அவற்றால் எதுவும் அறியமுடியாது.