மாவட்டப் பிரிப்பும் வட்டாரப் பொருளாதாரமும்: கள்ளக்குறிச்சி மாவட்டமும் திருக்கோவிலூரும்

ஒரு மாநிலத்தை மாவட்டங்களாகப் பகுப்பது ஆட்சி வசதிக்காகச் செய்யப்படுவது. ஆனால் மாவட்டம் கேட்டுப் போராடும் மக்கள் பெரும்பாலும் பொருளாதாரக் காரணங்களையே முன்வைக்கின்றனர். மாவட்டமானால் தொழில் வரும், வேலை வரும், நிலத்தின் விலை உயரும் என்பது பரவலான நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அறிய, 2019 நவம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சியும், அதன் வடகிழக்கு எல்லையில் உள்ள திருக்கோவிலூரும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

பழைய பிரிவுகள்

நிலத்தைப் பகுத்து ஆள்வது இப்பகுதிக்குப் புதிதன்று. சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட மலையமான் நாட்டின் தலைநகர் திருக்கோவலூர். அதுவே இன்றைய திருக்கோவிலூர். பின்னாளில் இந்நாடு மிலாடு எனச் சுருங்கி வழங்கியது. சோழர் கல்வெட்டுகளில் மிலாடு ஒரு வளநாடாகக் குறிக்கப்படுகிறது. முதலாம் இராசராசன் நிலத்தை அளந்து வளநாடுகளாக வகுத்ததன் முதன்மை நோக்கம் வரி. ஆங்கிலேயர் 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாட்டைத் தம் ஆட்சியில் கொண்டுவந்து தென்னார்க்காடு மாவட்டத்தை அமைத்தபோதும் நோக்கம் அதுவே. மாவட்டத் தலைவருக்குக் 'கலெக்டர்' என்று பெயர் வந்ததே அவர் வரி வசூலித்ததால்தான். ஆட்சியர் என்ற இன்றைய சொல் அந்தப் பழைய வேலையை மறைத்துவிடுகிறது.

தென்னார்க்காட்டின் தலைமையிடம் கடலூர். கல்வராயன் மலையடிவாரத்து உழவர் ஒருவர் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டுமென்றால் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து கடற்கரை வரை செல்ல வேண்டியிருந்தது. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. அதுவும் சுமார் 7,200 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி 34 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் கொண்ட பெரிய மாவட்டமாகவே இருந்தது. கடலூர் போய் விழுப்புரம் வந்தது. மலை மக்களுக்குத் தொலைவு ஓரளவே குறைந்தது.

மாவட்டத்தின் கையில் பணம் உண்டா?

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சொத்துவரி விதிக்கின்றன, கடன்பத்திரம் வெளியிடுகின்றன, தொழில் நிறுவனங்களை ஈர்க்க வரிச்சலுகையும் தருகின்றன. கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு 47 கவுண்டிகளை உருவாக்கி, தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு அவற்றுக்குச் சேர வேண்டும் என்று விதித்தது. அங்கெல்லாம் கவுண்டி ஆவது என்றால் தனிப் பணப்பை பெறுவது என்று பொருள்.

தமிழ்நாட்டில் நிலை வேறு. வீட்டுவரி ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரியது. பெரிய வரிகள் மாநில, ஒன்றிய அரசுகளுக்குச் செல்கின்றன. மாவட்டத்துக்கென்று சொல்லத்தக்க வரி இல்லை. ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்து ஜில்லா போர்டுகள் நிலத்தின் மீது தீர்வை வசூலித்துச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தின. தஞ்சாவூர் ஜில்லா போர்டு அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு இரயில் பாதையே போட்டது. 1894இல் திறக்கப்பட்ட அப்பாதை பின்னர் அறந்தாங்கி வரை நீண்டது. ஒரு மாவட்டம் தன் பணத்தில் இரயில் விட்டது என்பதை இன்றைய மாணவர்கள் நம்புவது கடினம்.

எண்ணப்படுவதன் பயன்

தனிப் பணப்பை இல்லாவிட்டால் மாவட்டமாவதால் என்ன பயன்? திட்டங்கள் மாவட்டத்தை அலகாகக் கொண்டே வகுக்கப்படுகின்றன என்பதுதான் இதற்கு விடை. 1969இல் தொடங்கிய முன்னோடி வங்கித் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி பொறுப்பேற்று ஆண்டுக் கடன் திட்டம் தயாரிக்கிறது. 1978இல் தொடங்கிய மாவட்டத் தொழில் மையங்கள் சிறுதொழிலுக்கான பதிவு, மானியம், கடன் பரிந்துரை ஆகியவற்றைக் கவனிக்கின்றன. 2006இல் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த 200 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று.

பெரிய மாவட்டத்தில் ஒரு குறை உண்டு. புதுச்சேரியை ஒட்டிய ஊர்களையும் கல்வராயன் மலை ஊர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மலையின் வறுமை அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். 2011 கணக்கின்படி சுமார் 13.7 லட்சம் மக்கள் கொண்ட தனி மாவட்டமான பிறகு கள்ளக்குறிச்சியின் எழுத்தறிவும் வருமானமும் மருத்துவ வசதியும் தனியாக எண்ணப்படுகின்றன.

இதன் கண்கூடான விளைவு மருத்துவக் கல்லூரி. மாவட்ட மருத்துவமனைகளுடன் இணைத்துப் புதிய மருத்துவக் கல்லூரிகள் தொடங்கும் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த 11 கல்லூரிகளில் ஒன்று கள்ளக்குறிச்சிக்கு வந்து, 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ஒரு மருத்துவக் கல்லூரி வந்தால் அதைச் சுற்றி மருந்துக்கடை, உணவகம், விடுதி, ஆட்டோ நிறுத்தம், வாடகை வீடு என்று ஒரு சிறு பொருளாதாரமே வளர்கிறது. ஆட்சியர் அலுவலகம் வந்தாலும் இதே கதைதான்.

கல்வராயன் மலை

பிரிப்பால் மிகுந்த பயன் எதிர்பார்த்தவர்கள் மலை மக்கள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்த இம்மலை, 1976இல்தான் முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமாக உள்ளது. மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

வெள்ளிமலையிலிருந்து விழுப்புரம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு ஒருவர் போய்வர ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் இழக்க வேண்டும். சாதிச்சான்று, நிலப்பட்டா, கடன் மனு என்று மூன்று முறை நடந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் வார வருமானத்தில் பாதி போய்விடும். கள்ளக்குறிச்சி தலைநகரானதும் இந்தத் தொலைவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படாத வருமானம் இது.

அலுவலகம் அருகில் வந்துவிட்டால் நிர்வாகமும் அருகில் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. 2024 ஜூனில் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணை மேற்கொண்டது.

தொழில் எதனால் வருகிறது?

மாவட்டமானதால் தொழில் வந்தது என்று சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். திருப்பூர் 2009இல்தான் மாவட்டமானது. அதன் பின்னலாடைத் தொழிலோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உலகச் சந்தைக்குச் சென்றுவிட்டது. கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் அரிசி ஆலைகளும் மாவட்டத்துக்கு முந்தியவை. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அப்படியே. 2023இல் தைவானின் பௌ சென் குழுமம் ரூ.2,302 கோடி முதலீட்டில் 20,000 பேருக்கு வேலை தரும் காலணித் தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் செய்தது. அதற்குத் தேர்ந்த இடம் உளுந்தூர்பேட்டை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சிப்காட் நிலமும் அங்கே இருக்கின்றன. மாவட்டம் விழுப்புரமாகவே இருந்திருந்தாலும் இந்த வசதிகள் மாறியிருக்கப்போவதில்லை.

மாவட்டம் நடத்தச் செலவும் உண்டு. 2001இல் பிறந்த அரியலூர் மாவட்டம் அடுத்த ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல்தான் திரும்பத் தனி மாவட்டமானது.

திருக்கோவிலூரின் நிலை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் இரு வருவாய்க் கோட்டங்களில் ஒன்றின் தலைமையிடம் திருக்கோவிலூர். ஆயினும் தொலைவுக் கணக்கில் இவ்வூருக்கு ஆதாயம் இல்லை. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் இங்கிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ளன. விழுப்புரத்துக்கு இரயில் உண்டு. கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து மட்டுமே.

இங்கே மாவட்ட எல்லையாக அமைந்தது தென்பெண்ணையாறு. நகரம் தென்கரையில், எதிரே வடகரையில் உள்ள அரகண்டநல்லூர், விழுப்புரம் மாவட்டத்தின் கண்டாச்சிபுரம் வட்டத்தில். ஆனால் இவ்விரு ஊர்களின் வாணிகம் ஒன்றே. இரு கரை உழவரும் நெல்லையும் மணிலாவையும் அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு செல்கின்றனர். விற்ற பணத்தில் துணியும் நகையும் உரமும் வாங்கத் திருக்கோவிலூர்க் கடைத்தெருவுக்கு வருகின்றனர். ஒரே சந்தையை நம்பும் உழவர்கள் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் கரையைப் பொறுத்து இரு வேறு ஆட்சியர்களிடம் செல்கின்றனர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை நீர் பெருகி வந்தது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில்; வெள்ளம் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களைத் தாக்கியது. ஆறு ஒன்றாக இருக்க, அதன் வெள்ளத்துக்கு நான்கு ஆட்சியர்கள் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

விழுப்புரம்–காட்பாடி பாதையில் உள்ள இரயில் நிலையமும் வடகரையில்தான் உள்ளது. அதன் பலகையில் எழுதியிருப்பது திருக்கோவிலூர்; அது நிற்கும் நிலம் விழுப்புரம் மாவட்டம். மாவட்டத் தலைநகரை இரயிலில் இணைப்பதற்கான சின்னசேலம்–கள்ளக்குறிச்சி பாதைத் திட்டம் சுமார் 16 கிலோமீட்டர் நீளமுடையது, மாவட்டத்துக்கு முந்தியது. அது சேலம்–விருத்தாசலம் பாதையில் சேர்கிறது. ஆகவே அதில் இரயில் ஓடினாலும் திருக்கோவிலூர் மக்கள் தம் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்திலேயே செல்ல வேண்டியிருக்கும்.