உப்புக்கு முந்திய சுண்ணாம்பு

மரக்காணம் என்றால் உப்பு. பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்களைப் பற்றிய செய்தி வந்துவிடுகிறது. ஆனால் உப்பளத்துக் கடல்நீரிலிருந்து உப்புக்கு முன்பே இன்னொரு வெள்ளைப் பொருள் பிரிகிறது. யாரும் அதை வாரி விற்பதில்லை என்பதால் பேச்சில் அடிபடுவதும் இல்லை.

நீர் வெயிலில் வற்றத் தொடங்கியதும் முதலில் அடியில் படிவது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் இறங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே உப்பு பூக்கும். நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானி அப்போது 25 டிகிரியைத் தொட்டிருக்கும். உப்பளத்தில் நீரை ஒரே இடத்தில் காயவிடாமல் பாத்தி மாற்றிப் பாய்ச்சுவதற்கு இதுவே காரணம். சுண்ணாம்பும் ஜிப்சமும் முன் பாத்திகளில் தங்கிவிட, கடைசிப் பாத்தியில் விளையும் உப்பு சுத்தமாகிறது.

இந்தப் படிவு மிகச் சொற்பம். ஒரு திண்ணை கட்டக்கூடக் காணாது. கட்டடத்துக்கான சுண்ணாம்பைக் கடல் கிளிஞ்சலாகக் கொடுத்தது. நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்துத்தான் சிப்பியும் மட்டியும் தங்கள் ஓட்டை வளர்க்கின்றன. உள்நாட்டில் சுக்கான்கல்லைச் சுட்டார்கள். கரையோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டார்கள். அதில் மண்ணும் களியும் குறைவு, ஆகவே வெண்மை அதிகம்.

காளவாயில் கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு, அடியில் காற்றுக்கு வழிவிட்டு எரிப்பார்கள். சூடு 900 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிளிஞ்சலுக்குள்ளிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டில் 44 கிலோ இப்படிக் காற்றோடு போய்விடும். மீதி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. பார்வைக்குக் கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே இருக்கும், கையில் எடுத்தால் எடை வெகுவாகக் குறைந்திருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளித்ததும் சீறும், வெடிக்கும், உலைநீர் போலக் கொதித்து ஆவி கக்கும். அந்த நேரத்தில் ஒரு துளி தெறித்தாலும் கண்ணுக்கு ஆபத்து. ஆறியபின் கிடைப்பதுதான் நீற்றிய சுண்ணாம்பு: வெற்றிலைக்கும் அதுவே, வெள்ளையடிக்கவும் அதுவே. சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது.

இந்தக் கரையில் சுண்ணாம்பின் உறுதியைப் பார்க்க மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக்குப் போக வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்த கோட்டை. 1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள். இடித்தும் முழுதாக விழவில்லை. உப்பங்கழிக்கும் கடலுக்கும் பக்கத்தில் அதன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

சென்னைச் சுண்ணாம்பின் புகழ் கடல் கடந்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் காரை செய்யும் முறையை விரிவாக எழுதினார்; லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1730களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டது. மணலும் சுண்ணாம்பும் சம அளவு. அதில் வெல்லம் கரைத்த நீர், வேகவைத்த பயறு, கடுக்காய். கண்ணாடி போல் மினுக்கும் மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர். இது வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடலாகாது. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும்; அரைத்த காரை குழைவாக வரும். கொத்தனார்கள் கையறிவால் கண்டதை வேதியியல் பின்னால் வந்து விளக்கியது.

கிளிஞ்சலுக்குக் கால்வாயும் வழியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் வடக்கே ஆந்திரம் வரைக்கும், தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் ஓடி மரக்காணம் வரைக்கும் நீண்டது. 1876–78 பஞ்சத்தின்போது அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டியபின் ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் அதில் படகேறின.

1939இல் டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை வந்தது. காளவாய்கள் அணைவதற்குச் சிமென்ட்டே முதல் காரணம், அவசரம் இரண்டாவது. சிமென்ட் சில நாளில் இறுகும், சுண்ணாம்புக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஆனால் உப்புக்காற்று வீசும் ஊரில் பழைய சுவருக்குச் சிமென்ட் பூசுவது அந்தச் சுவருக்குச் செய்யும் கொடுமை. செங்கல்லுக்குள் ஏறிய உப்புநீர் வெளியே ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. உப்புப் படிகம் வளர வளரச் செங்கல் பொடிகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஈரத்தை அது வெளியே விடும், உதிர்ந்தால் தானே முதலில் உதிரும், செங்கல்லைக் காக்கும். ஆகவே பழங்கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் சிமென்ட்டைக் கொத்தி எடுக்கிறார்கள். பிறகு நனைத்த காகிதக் கூழையோ களிமண்ணையோ அப்பி, அது காய்ந்து உப்பை உறிஞ்சியதும் உரித்து, மறுபடி அப்புகிறார்கள். உப்பு குறைந்த பிறகே சுண்ணாம்புக் காரை குழைக்கிறார்கள். கிளிஞ்சலைச் சுடுமுன் நல்ல தண்ணீரில் அலசி எடுப்பதும் இதே உப்பைப் போக்கத்தான்.