முதியோரும் மதுப்பழக்கமும்: கவனிக்கப்படாத ஒரு சிக்கலின் வரலாறு

மதுவால் வரும் தீங்கு இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் உரியது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. முதியவர் தடுமாறி விழுந்தாலோ, மறதியால் அவதிப்பட்டாலோ, தூக்கமின்றித் தவித்தாலோ, அதற்கு வயதே காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் குடிக்கிறாரா என்று கேட்டவர்கள் குறைவு. இந்த நிலை இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான், குறிப்பாக பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், மாறத் தொடங்கியது.

முதுமையில் மது

வயது ஏற ஏற உடலில் நீரின் அளவு குறைகிறது. அதனால் அதே அளவு மது அருந்தினாலும் முதியவரின் இரத்தத்தில் ஆல்ககாலின் செறிவு கூடுதலாக இருக்கும். தூக்க மாத்திரை, வலி மருந்து, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து போன்றவற்றோடு மது சேரும்போது ஆபத்து பெருகும். எனவே ஒருவர் பல ஆண்டுகளாக அருந்திவந்த அதே அளவே முதுமையில் அவருக்குத் தீங்காக மாறலாம்.

இருவகைக் குடிப்பழக்கம்

1971ஆம் ஆண்டில் ரோசின், கிளாட் ஆகிய மருத்துவர்கள் மிகுதியாகக் குடித்த 103 முதிய நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் பலர் இளமையிலிருந்தே குடித்து வந்தவர்கள். ஏனையோரின் குடிப்பழக்கத்துக்குத் துணையின் இழப்பு, பணி ஓய்வு, தனிமை போன்ற முதுமைக்கால இழப்புகள் காரணமாக இருந்தன. முதுமையில் புதிதாகத் தொடங்கும் குடிப்பழக்கமும் உண்டு என்பதையும், அதன் வேர் பெரும்பாலும் துயரத்தில் இருக்கிறது என்பதையும் இந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

கேள்விப் பட்டியல்கள்

அதே 1971இல் அமெரிக்காவில் மிச்சிகன் குடிநோய்க் கண்டறி சோதனை வெளிவந்தது. குடியால் வேலை போனதா, சண்டை மூண்டதா, வண்டி ஓட்டிக் கைதானதுண்டா என்பவை போன்ற கேள்விகள் அதில் இடம்பெற்றன. ஓய்வுபெற்று, தனியே வாழ்ந்து, வீட்டுக்குள்ளேயே குடிக்கும் ஒருவர் இவற்றுக்கெல்லாம் 'இல்லை' என்றே பதில் சொல்வார். 1984இல் பரவலாக அறிமுகமான 'கேஜ்' சோதனையில் நான்கே கேள்விகள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வு செய்து 1989இல் வெளியிட்ட 'ஆடிட்' சோதனையில் பத்துக் கேள்விகள் இருந்தன. இவை இரண்டும் முதியோருக்கென்றே அமைக்கப்பட்டவை அல்ல.

இக்குறையைப் போக்க, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பிளோவும் அவருடைய குழுவினரும் 1992இல் முதியோருக்கான தனி வடிவத்தை உருவாக்கினர். அதன் 24 கேள்விகளும் முதியோரின் அன்றாட வாழ்விலிருந்து எழுந்தவை. தூக்கம் வருவதற்காகக் குடிப்பதுண்டா, தனிமையில் மது ஆறுதல் தருகிறதா, ஓர் இழப்புக்குப் பின் குடிப்பது கூடியதா, குடித்தபின் பசியின்றி உணவைத் தவிர்ப்பதுண்டா என்று அது வினவியது.

விஸ்கான்சின் ஆய்வு

முதியவர்களின் பழக்கத்தை இனி மாற்ற முடியாது என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மறுப்பாக அமைந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மைக்கேல் ஃபிளெமிங் தலைமையில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 158 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குப் பொதுவான உடல்நலக் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றக் குழுவினரிடம் அவர்களுடைய மருத்துவரே இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம், மதுவைப் பற்றிப் பேசினார். ஓராண்டுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்கள் வாரத்தில் அருந்திய மதுவின் அளவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவியோ மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை.

அளவு பற்றிய விவாதம்

1995இல் அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம், 65 வயதைக் கடந்தவர்கள் நாளொன்றுக்கு ஒரு கோப்பைக்கு மேல் அருந்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இங்கு ஒரு கோப்பை என்பது சுமார் 14 கிராம் தூய ஆல்ககால் அடங்கிய அளவு. 2011இல் பிரிட்டனின் அரச உளமருத்துவர் கல்லூரி வெளியிட்ட அறிக்கை முதியோருக்கு வாரம் 11 அலகை மேல் வரம்பாகப் பரிந்துரைத்தது. அங்கு ஓர் அலகு என்பது 8 கிராம். ஆனால் 2016இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் வயது வந்தோர் அனைவருக்கும் பொதுவாக வாரம் 14 அலகு என்றே வரையறுத்தது. முதியோருக்குத் தனி வரம்பு வேண்டுமா என்பதில் வல்லுநர்களும் அரசுகளும் ஒரே முடிவை எட்டவில்லை.

இன்றைய அணுகுமுறை

வழக்கமான மருத்துவப் பரிசோதனையின்போதே மதுவைப் பற்றியும் கேட்பது, உட்கொள்ளும் மருந்துகளைச் சரிபார்ப்பது, சுருக்கமான ஆலோசனை தருவது, தனிமையைப் போக்க உதவுவது ஆகியவை இன்று முதன்மையான வழிகளாக உள்ளன. நாள்தோறும் மிகுதியாகக் குடிக்கும் முதியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். ஆகவே அவர் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். மறதியையும் தள்ளாட்டத்தையும் வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிடாமல், மதுவும் காரணமாக இருக்கலாமா என்று மரியாதையோடு கேட்பதே இந்த வழிகள் அனைத்துக்கும் முதல் படி.