பண்டிதரும் பாராளுமன்றமும்

ஏட்டோடு வாழ்ந்தவர் அவையேறுதல் தமிழர்க்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. குடியேற்ற ஆட்சி நீங்கிய நாடுகள் பலவற்றிலும் அது நிகழ்ந்தது. தமாஸ்கசிற் பிறந்து பேரூத்தில் வரலாறு கற்பித்த கொன்ஸ்தாந்தீன் சுரைக், இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிரியாவின் தூதுப்பணியை மேற்கொண்டார். 1948இல் பலஸ்தீனத் தோல்வியின் பொருளை ஆராய்ந்து நூலும் எழுதினார். யாழ்ப்பாணத் தீவகத்திலே இவ்வகையில் எண்ணத்தக்கவர் வேலணையைச் சார்ந்த பண்டிதர் கா. பொ. இரத்தினம் ஆவர்.

1914இற் பிறந்த இவர் தமிழாசிரியராகவும் விரிவுரையாளராகவும் விளங்கியவர். தமிழ்மறைக் கழகத்தின் வாயிலாகத் திருக்குறளைப் பரப்புவதிலே நெடுங்காலம் உழைத்தவர். இத்தகைய ஒருவர் தேர்தல் மேடைக்கு வந்தமை வியப்பன்று. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் இலக்கண வகுப்பறையையே அரசியற் களமாக்கிவிட்டது. தமிழைக் கற்பித்தலும் தமிழுக்கு உரிமை கேட்டலும் அதன்பின் இருவேறு தொழில்களாய் நில்லா.

1965இல் தமிழரசுக் கட்சியின் சார்பிற் கிளிநொச்சித் தொகுதியில் வென்று அவை புகுந்தார். கட்சி அப்போது டட்லி சேனநாயக்காவின் அரசிற் பங்காளி. 1966இல் தமிழ்மொழி ஒழுங்கு விதிகள் கிடைத்தன. மாவட்ட சபைகளோ 1968இற் கைவிடப்பட்டன. கட்சி அரசை விட்டு வெளியேறியது.

இனி ஊர்காவற்றுறைக்கு வருவோம். 1963 இடைத்தேர்தல் முதல் அத்தொகுதியின் உறுப்பினராய் இருந்த வழக்கறிஞர் வி. நவரத்தினம், தமிழரசுக் கட்சியினின்றும் பிரிந்து தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். சமஷ்டிக் கோரிக்கை பயன் தராது என்பது அவர் துணிபு. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்க்கக் கட்சி நிறுத்தியது பண்டிதரையே. நாட்டைப் பிரிக்கக் கோரும் இயக்கங்களுக்கு ஆதரவளிக்க வேண்டாம் எனத் தமிழரசுக் கட்சியின் அவ்வாண்டு விஞ்ஞாபனம் மக்களைக் கேட்டுக்கொண்டது. தீவகம் பண்டிதரைத் தெரிந்தது.

ஏழாண்டுகள் கழிந்தன. 1972இன் குடியரசு யாப்பு சிங்களத்தின் ஆட்சிமொழித் தகுதியை அரசியலமைப்பு விதியாக்கிப் பௌத்தத்துக்கு முதன்மையிடமும் அளித்தது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. 1977இல் அதே தொகுதியில், அதே பண்டிதர், தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராய்த் தனியரசுக்கு ஆணை கேட்டு வென்றார். இதனைக் கொள்கை மாற்றம் எனக் குறை கூறுதல் எளிது. மாறியது அவரொருவர் மட்டுமன்று, அவருக்கு வாக்களித்த தொகுதியும் அவரை நிறுத்திய தலைமையும் ஒருங்கே மாறின. ஆயினும் நவரத்தினத்தின் கூற்றை 1970இலேயே எடைபோட்டுப் பார்த்திருக்கலாமே என்னும் வினா எஞ்சுகின்றது. தனியரசு கோருவோரை அவையினின்று விலக்கிய ஆறாந் திருத்தம் 1983 ஆகஸ்டில் வந்தது. உறுதிமொழி எடுக்க மறுத்து அவைக்குச் செல்லாதிருந்த கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர், பண்டிதரும் இழந்தார்.

தோற்றவரே பின்னர் வரலாறெழுதினார். தமிழ்த் தேசத்தின் வீழ்ச்சியையும் எழுச்சியையும் பற்றிய நவரத்தினத்தின் நூல் 1990களில் வெளிவந்தது. மொழியுரிமைக்காக வாதாடியவரின் அந்நூல் ஆங்கிலத்தில் அமைந்தமை நோக்கற்பாலது. பண்டிதர் 2010 டிசெம்பரில், தம் 96ஆவது வயதில் மறைந்தார்.