சிவப்பு வான் காட்டும் ஆண்டு

மாதிரி றெயில் கண்காட்சிக்கு வருகிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். நான் ஸ்ரேசன் வாசலில் நிற்கிற தபால் வானைப் பார்ப்பேன். மேசையில் கட்டியிருப்பது எந்த ஆண்டு என்று எஞ்சினிடம் கேட்டுப் பயனில்லை. கிரேட் வெஸ்டர்ன் கம்பனி 1930களில் கட்டிய 1400 வகைச் சின்ன எஞ்சின்கள் 1960கள் வரை கிளைப்பாதைகளில் ஓடிக்கொண்டிருந்தன. கரி படிந்த ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் போருக்கு முன்னா பின்னா என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. தபால் வான் அப்படியல்ல. அதன் நிறமும் மட்கார்டும் பக்கத்தில் பதித்த அரச முத்திரையும் சேர்ந்து ஆண்டைச் சொல்லிவிடும். சிலவேளை எந்த நாடு என்பதையும் சொல்லும்.

எனக்குப் பக்கச்சார்பு உண்டு. லண்டனில் தபால் பிரிக்கும் நிலையமொன்றில் இரவுவேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பலர், காட்சியில் பச்சை கூடிப்போனால் நடுவில் ஒரு சிவப்பு இருக்கட்டும் என்று வானை வைப்பார்கள். தெருவின் நடுவில், சாரதியும் இல்லாமல், பின்கதவும் பூட்டியபடி அது நிற்கும். தபால் வான் ஸ்ரேசனுக்கு வருவது வேலைக்கு. றெயில் வருவதற்கு முன்பே வந்து, பின்பக்கம் மேடையைப் பார்க்கும்படி திருப்பி, கதவைத் திறந்துவைத்து நிற்கவேண்டும். கிளைப்பாதையில் தபாலுக்கென்று தனிப்பெட்டி கிடையாது, பைகள் கார்ட்டின் பெட்டியில்தான் வரும். அந்தப் பெட்டி மேடையில் எங்கே வந்து நிற்குமோ, தள்ளுவண்டி அங்கே தயாராக இருக்கவேண்டும்.

என் மேசையில் 1954ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். தென்மேற்கு இங்கிலாந்தில் நானே கற்பித்துக்கொண்ட ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்ரேசன். அந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டதற்கு றெயில் காரணமல்ல. பழைய வானும் புதிய வானும் ஒரே முற்றத்தில் நியாயமாகச் சந்திக்கக்கூடிய காலம் அது.

தபால் வண்டியின் கதை குதிரையில் தொடங்குகிறது. 1784 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் மெயில் கோச்சு ஓடியது. பின்னாளில் அந்தக் கோச்சுகளின் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி மரூன், சில்லுகள் இரத்தச் சிவப்பு. றெயில் வந்ததும் நெடுந்தூரக் கோச்சுகள் ஒழிந்தன. ஆனால் ஸ்ரேசனுக்கும் தபால் கந்தோருக்கும் இடையில் இருந்த அந்தக் கடைசி மைலைக் குதிரை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வண்டிகளும் குதிரைகளும் பெரும்பாலும் குத்தகைக்காரருடையவை, தபால் இலாகாவின் சொத்தல்ல. முதல் உலகப்போர் முடிந்தபின் 1919இல்தான் இலாகா தனக்கென்று மோட்டார் வாகன அணியொன்றைத் தொடங்கியது. அதற்குப் பிறகு என்ன வண்டி வேண்டும், அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்று கட்டளையிடுகிற வாடிக்கையாளராக அது மாறியது. மாதிரி செய்கிறவனுக்கு வரலாறு சுவைக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். கடையில் விற்ற மொரிஸ் வானும் தபால்காரன் ஓட்டிய மொரிஸ் வானும் ஒன்றல்ல.

முற்றத்தின் பழைய வான் மொரிஸ் இசட். 1940இலிருந்து 1953 வரை செய்யப்பட்டது. 918 சிசி எஞ்சின், கால் தொன் சுமை. தபால் பிரிவு அதைச் சிவப்பில் ஓட்டியது, தொலைபேசிப் பிரிவு பச்சையில் ஓட்டியது. அப்போது இரண்டும் ஒரே இலாகா. அதனால்தான் தந்திக்கம்பம் ஏறுகிறவனின் ஏணி வைத்த பச்சை வானும் ஆறாம் ஜோர்ஜ் முத்திரையோடு நிற்கும். தொலைபேசி வான்கள் மஞ்சளானது 1960களின் இறுதியில்தான். 1954 காட்சியில் மஞ்சள் வான் நின்றால் அந்த மேசையை மேலே பார்க்கத் தேவையில்லை.

புதிய வான் மொரிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாடகைக்கு ஓடிய ஏ40 கார்களுக்கு அடுத்தபடி எங்கள் காதில் விழுந்த பெயர் அதுதான். ஆனால் 1953இல் வெளிவந்த அதன் வான் வடிவத்தை, அதுவும் தபால் இலாகா வாங்கிய வடிவத்தை, நான் இங்கே வந்துதான் கண்டேன். கண்டபோது சிரிப்பு வந்தது. முன் மட்கார்டுகள் றப்பர்! ஒடுங்கிய தெருக்களிலும் கந்தோர் முற்றங்களிலும் நாள்முழுக்க நிறுத்தி எடுக்கிற வண்டி. தகரமென்றால் ஒவ்வொரு உரசலுக்கும் கராஜுக்குப் போகவேண்டும், றப்பர் மடங்கித் தானே நிமிரும். சரி, றப்பரில் ஹெட்லைற்றை எப்படிப் பதிப்பது? பதிக்கவில்லை. மட்கார்டுக்கு மேலே, நண்டின் கண்போலத் தூக்கி நிறுத்தினார்கள். சாரதியின் பக்கத்து முன்கண்ணாடி வெளிநோக்கித் திறக்கும், மூடுபனியில் தலையை நீட்டாமல் பாதையைப் பார்க்க. சில ஆண்டுகளில் றப்பரைக் கைவிட்டுத் தகரத்துக்குத் திரும்பினார்கள். ஆகவே தூக்கிய விளக்குள்ள மைனர் என்றாலே 1950களின் நடுப்பகுதி.

இந்த விளக்கைச் செய்வதுதான் வேலை. 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் குறுக்களவு ஏறத்தாழ 2 மி.மீ. குண்டூசியின் தலையை அரத்தால் ஒருபக்கம் தட்டையாக்கி, வெள்ளிப் பூச்சு ஒரு தொட்டு வைத்தால் போதும். மட்கார்டுக்குப் பளபளப்பில்லாத கறுப்பு. அதிலேயே கொஞ்சம் சாம்பல் கலந்தால் றப்பராகத் தெரியும்.

அடுத்தது முத்திரை. 1952 பெப்ரவரி 6ஆம் திகதி அரசர் ஆறாம் ஜோர்ஜ் இறந்தார். அதற்காக ஒரே இரவில் நாட்டிலிருந்த வானெல்லாம் பூச்சு மாறிவிடாது. என் இசட் வானில் ஜி, ஆர் எழுத்துகளும் ரோம இலக்கம் ஆறும். மைனரில் ஈ, ஆர் எழுத்துகளும் இரண்டும். இந்த அளவில் எழுத்தை வாசிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் கிரீடத்தை வெறுங்கண்ணால் பிரித்தறியலாம்: ஜோர்ஜின் கிரீடத்தில் வளைவுகள் உருண்டு எழும், எலிசபெத்தின் கிரீடத்தில் நடுவில் சற்றே பள்ளம் விழும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற ட்ரான்ஸ்ஃபர் வாங்கும்போது நான் அந்தப் பள்ளத்தைத்தான் தேடுவேன்.

ஸ்கொட்லாந்துக் காட்சி கட்டுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். முதலாம் எலிசபெத் ஸ்கொட்லாந்துக்கு அரசியாக இருந்ததேயில்லை, எங்களுக்கு இவர் எப்படி இரண்டாமவர் என்பது ஸ்கொட்லாந்துக்காரரின் கேள்வி. 1952 நவம்பரில் எடின்பரோவின் இன்ச் குடியிருப்பில் புதிய முத்திரையோடு தபால் பெட்டியொன்றைத் திறந்துவைத்தார்கள். எதிர்த்தவர்கள் அதன்மேல் தாரைப் பூசினார்கள், அடித்தார்கள், 1953 பெப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்துவிட்டார்கள். அதற்குப் பின் அங்கே பெட்டிகளிலும் வான்களிலும் எழுத்தில்லை, ஸ்கொட்லாந்துக் கிரீடம் மட்டும். மலைப்பிரதேசத்து ஸ்ரேசனொன்றை அருமையாகக் கட்டி, வாசலில் இரண்டாம் எலிசபெத் எழுத்துள்ள வானை நிறுத்தியிருப்பதைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் இதையெல்லாம் சொல்லக்கூடாது.

வானின் பக்கம் நான் நிற்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. பிரித்தானியாவில் மாதிரி றெயில் பெரும்பாலும் ஓஓ என்கிற அளவில்தான்: உண்மையில் ஓர் அடி, மேசையில் 4 மி.மீ. அந்தக் கணக்கில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 18.83 மி.மீ. வரவேண்டும். இருப்பதோ 16.5. அது இதைவிடச் சிறிய எச்ஓ அளவுக்கு உரிய பாதை. பிரித்தானிய எஞ்சின்கள் உடம்பு சிறியவை, அந்தக்கால மின்மோட்டர் எச்ஓ உடம்புக்குள் அடங்கவில்லை. எனவே உடம்பை மட்டும் பெருப்பித்துவிட்டுப் பாதையை அப்படியே விட்டார்கள். இன்றைக்கும் அப்படியே. ஆக, என் எஞ்சின் ஓடுவது பிழையான அகலத்தில். தெருவில் நிற்கிற வானுக்குத்தான் நான்கு சில்லும் சரியான இடத்தில்.

விளையாட்டுச் சாமான் செய்தவர்களும் சிவப்பு வானை விட்டுவைக்கவில்லை. லிவர்பூலில் பின்ஸ் றோட்டிலிருந்த மெக்கானோ கம்பனியின் டிங்கி வரிசையில் 1938இலேயே றோயல் மெயில் வான் உண்டு. 1955இல் 260 என்ற இலக்கத்தில் மொரிஸ் ஜே, அடுத்த ஆண்டு 261இல் பச்சை இசட், ஏணியோடு. ஆனால் அவற்றை ஹோர்ன்பி டப்லோ றெயிலுக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்டியைவிட வான் கொழுத்துத் தெரியும். அதே கம்பனியே றெயிலையும் செய்துகொண்டு இந்தப் பொருத்தமின்மையைப் பல ஆண்டு பொறுத்துக்கொண்டது எனக்கு விளங்காத விஷயம். 1957இல்தான் றெயிலின் அளவுக்கே டப்லோ டிங்கி வந்தது. அதில் 068 தபால் வான், 47 மி.மீ. நீளம். இப்போது ஒக்ஸ்ஃபோர்ட் டைகாஸ்ட் செய்கிறவை இதைவிட நுணுக்கமானவை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கண்ணைக் கூசவைக்கும். தபால் சிவப்புக்கென்று பிரித்தானிய வர்ணத் தரத்தில் 538 என்றொரு இலக்கமே உண்டு. ஆனால் உண்மை வானின் அதே பூச்சை எடுத்துச் சின்ன வானில் அடித்தால் சரிவராது. இரண்டு மீற்றரில் நின்று மாதிரியைப் பார்க்கிறவன் உண்மையில் 150 மீற்றருக்கு அப்பால் நிற்கிற வானைப் பார்க்கிறான். அந்தத் தூரத்தில் காற்றும் தூசியும் சிவப்பை வெளிறச் செய்யும். ஹம்ப்ரோல் 60இல் ஒரு சொட்டு வெள்ளை கலந்து, மேலே மெல்லிய தூசிப் பூச்சு. மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. காசுகொடுத்து வாங்கின புதுச்சாமானை ஏனப்பா ஊத்தையாக்கிறியள் என்பாள்.

ஓடும் றெயிலில் தபால் பிரித்த பெட்டிகளைப்பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள்: 1838இல் குதிரைப் பெட்டியொன்றை மாற்றித் தொடங்கியது, ஓடியபடியே வலையில் பை பிடிப்பது 1971இல் நின்றது, கடைசி ஓட்டம் 2004 ஜனவரி. கிளைப்பாதையின் கதை வேறு. அங்கே றெயிலை நிறுத்தியது, பாதைகளை மூடச்சொன்ன பீச்சிங்கின் 1963 அறிக்கை என்பார்கள், ஆனால் மூடல்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. மத்திய வேல்ஸின் லானிட்லோஸ் நகரம் 1962 முடிவில் தன் ஸ்ரேசனை இழந்தது. அதே நகரத்திலிருந்து 1967 பெப்ரவரியில் தபால் இலாகா தன் முதல் தபால் பஸ்ஸை ஓட்டியது, லாங்குரிக் கிராமத்துக்கு. றெயிலைச் சந்திக்க ஸ்ரேசனுக்கு வந்துகொண்டிருந்த சிவப்பு வண்டி இப்போது தபால் பைகளோடு பயணிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. மொரிஸ் ஜே2 சிற்றூர்தி அது. அதையும் செய்ய ஆசைதான். ஆனால் அந்தக் காட்சிக்குத் தண்டவாளம் தேவைப்படாது. மாதிரி றெயில் சங்கத்தில் அதை எந்த மேசையில் வைக்க விடுவார்கள் என்று இன்னும் கேட்டுப்பார்க்கவில்லை.