அவுட்லைன் தொகுப்பி: ஸ்கிரிப்டும் பொதுத் தரவும்

அவுட்லைன் தொகுப்பி என்பது எழுத்தையோ நிரலையோ தலைப்பு, உட்தலைப்பு என்று கிளைவிடும் மரமாக வைத்துத் திருத்த உதவும் மென்பொருள். 1968இல் டக்ளஸ் எங்கெல்பார்ட் செய்துகாட்டிய என்.எல்.எஸ். இதன் மூதாதை. டேவ் வைனரின் திங்க்டாங்க் (1983), மோர் (1986) ஆகியவை இதைச் சிறு கணினிகளுக்குக் கொண்டுவந்தன. 1992இல் வந்த அவருடைய ஃபிரன்டியர் என்ற மென்பொருளில் ஸ்கிரிப்டுகளே (சிறு நிரல்களே) அவுட்லைனாக எழுதப்பட்டன.

இந்த வரிசையில் ஆழ்ந்து யோசித்துக் கட்டப்பட்டது, எட்வர்ட் ரீம் 1990களில் தொடங்கிப் பின்பு பைதனில் புதிதாக எழுதிய லியோ. அதன் உயிர்நாடி குளோன்: மரத்தின் ஒரே கணுவை (ஒரு தலைப்பும் அதன் உள்ளடக்கமும்) பல இடங்களில் காட்டும் வசதி. இலங்கையின் வன்னிப் பகுதி நீர்நிலைகளை மாவட்ட வாரியாகப் பதியும் ஒருவருக்கு இதன் அருமை உடனே விளங்கும். கனகராயன் ஆறு வவுனியாவில் ஊற்றெடுத்து, முல்லைத்தீவைக் கடந்து, கிளிநொச்சிக்குப் போய் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. மூன்று மாவட்டங்களின் கீழும் அதைப் படியெடுத்து வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் பழசாகவே கிடக்கும். குளோனில் கணு ஒன்றுதான்; தெரிவது மூன்று இடங்களில்.

இந்த வசதி ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு ஒரு சிக்கலையும் தந்தது. அந்தக் கணுவின் தாய்க்கணு எது என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். ஆகவே லியோ கணுவையும், மரத்தில் அது நிற்கும் இடத்தையும் வேறுவேறாக்கியது. மரம் மாறினால் இடம் செல்லாததாகிவிடும், கணு நிலைக்கும். எழுதியவர் அடையாளம், நேரம், எண் மூன்றும் சேர்ந்த நிரந்தரக் குறி ஒவ்வொரு கணுவுக்கும் உண்டு. அதனால் இருவர் தனித்தனியே உருவாக்கிய கணுக்கள் மோதுவதில்லை.

ஸ்கிரிப்டுகள் தங்களுக்குள் தரவு பரிமாற லியோவில் இரண்டு அகராதிகள் (பெயரிட்டுத் தரவை வைக்கும் பைதன் அமைப்புகள்) இருக்கின்றன. ஒன்று ஒவ்வொரு ஸ்கிரிப்ட் ஓட்டத்துக்கு முன்பும் துடைக்கப்படும். மற்றது லியோவை மூடும்வரை இருக்கும். கணுவோடு ஒட்டி வைக்கும் தரவு கோப்பிலும் சேமிக்கப்படும். ஆனால் அது பெரும்பாலும் பதினறும எண் குவியலாகவே எழுதப்படுகிறது, மனிதரால் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. 2003இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய ஆர்க்-மோடு என்ற அவுட்லைன் கருவி இத்தகைய தரவைச் சாதாரண எழுத்து வரிகளாக வைத்தது. பலர் கூடி ஒரு கோப்பைத் திருத்தும் இடத்தில் அதுவே மேலான தெரிவு.

கோப்பைத் திறந்தவுடன் தானே ஓடும் ஸ்கிரிப்டையும் லியோ அறியும். பிறர் அனுப்பிய கோப்பு தீங்கு செய்யலாம் என்பதால், பயனர் அனுமதித்தால் தவிர அது ஓடாது.