அசல் பீட்சா எது? யாரைக் கேட்பது?

அன்னாசி போட்ட பீட்சாவைக் கண்டாலே "இதெல்லாம் ஒரு பீட்சாவா?" என்று முகம் சுளிக்கிற ஒருவராவது எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். எங்கட கூட்டத்திலும் இருக்கிறார். எங்களில் சிலருக்கு உறைப்பான கோழி வேணும், சிலருக்கு வெறும் சீஸ் போதும். விருப்பத்தில் சண்டை இல்லை. ஆனால் 'அசல்' என்ற சொல் வந்தவுடன் வரலாற்றைக் கேட்கத்தான் வேணும்.

பீட்சாவின் ஊர் தென் இத்தாலியின் துறைமுக நகரமான நேப்பிள்ஸ். 19ஆம் நூற்றாண்டில் அது ஏழைகளின் சாப்பாடு. அந்த ஊர் ஏழைகள் மாரியில் பீட்சாவாலும் கோடையில் வத்தகப்பழத்தாலும் வாழ்கிறார்கள் என்று 1843இல் எழுதினார் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா. 1886இல், 'பினோக்கியோ' எழுதிய கொலோடி பீட்சாவை அழுக்கோடு ஒப்பிட்டார். அவரும் இத்தாலியர்தான், ஆனால் வடக்கே ஃபுளோரன்ஸ்காரர். அதாவது, இத்தாலியின் பெரும்பகுதிக்கு அன்றைக்கு பீட்சா சொந்தச் சாப்பாடே இல்லை.

பிறகு வருகிறது எல்லோருக்கும் தெரிந்த ராணிக் கதை. 1889இல் மார்கெரிட்டா ராணிக்காக ரஃபயேலே எஸ்பொசிட்டோ என்பவர் தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை வைத்து, கொடியின் மூன்று நிறத்தில் பீட்சா சுட்டாராம். அரண்மனையில் இருந்து நன்றிக் கடிதமும் வந்ததாம். அந்தக் கடிதம் உண்மையானதா என்று வரலாற்றாய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்த மூன்றும் பீட்சாவில் ஏறினது 1889க்கு முதலே பதிவாகியும் இருக்கிறது. ஆனாலும் 1861இல்தான் ஒன்றான ஒரு நாட்டுக்கு, ராணியும் ஏழையும் ஒரே சாப்பாட்டை ருசித்த கதை நல்லாத்தான் பொருந்தியது.

1880க்கும் 1924க்கும் இடையில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலும் தெற்கத்திய ஏழைகள். பீட்சாவும் அவர்களோடு போனது, அங்கே பேர் எடுத்தது, பிறகு பெருமையோடு ஊர் திரும்பியது. இப்படி வெளியில் மதிப்புப் பெற்றுத் தாயகத்துக்குத் திரும்பும் பண்பாட்டு அம்சங்களுக்கு 1970இல் மானிடவியலாளர் அகேஹானந்த பாரதி வைத்த பெயரே 'பீட்சா விளைவு'. இந்தியாவில் யோகாவுக்குக் கிடைத்த புது மவுசை விளக்கவும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

விதிகள் எழுதப்பட்டது இதற்கெல்லாம் பிறகு. 1984இல் நேப்பிள்ஸில் 'உண்மையான' பீட்சாவைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்த விதிப்படி விறகடுப்பு கட்டாயம், வேகும் நேரம் 60–90 விநாடி, விட்டம் 35 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. 2017இல் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றது, கவனியுங்கள், பீட்சாவை இல்லை. அதைச் சுடுகிறவர்களின் கைத்தொழிலை.

இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறோம். ஒரு தொழிலாளியின் கைப்பழக்கத்தைக் காப்பாற்ற 'அசல்' என்ற சொல் உதவுமென்றால், இருக்கட்டும். அடுத்தவரின் தட்டை இழிவாகப் பேச மட்டும் என்றால், அதற்கு வரலாறு துணை நிற்காது. தக்காளியே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது, எங்கட கறிக்கு மிளகாய் வந்ததைப் போல. 1962இல் கனடாவில் அன்னாசியைப் போட்ட சாம் பனோபொலோஸ், கிரேக்கத்தில் இருந்து பிழைக்கப் போனவர். அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சொல்வதைத்தான் கொலோடியும் நேப்பிள்ஸ் ஏழைகளைப் பார்த்துச் சொன்னார்.